ஐயாயிரம் மீட்டருக்குக் கீழே: ஆழ்கடல் திகில் கதை எழுத ஒரு முழு வழிகாட்டி

ஆழ்கடல் திகில் எழுத உட்காருபவர்களில் பெரும்பாலோர் முதலில் ராட்சசப் பிராணியைத்தான் யோசிக்கிறார்கள். எத்தனை கை, எத்தனை கண், எவ்வளவு நீளம் என்று குறித்துவிட்டு, அது சாப்பிடுவதற்கு நாலு விஞ்ஞானிகளைப் பிடித்துப் போடுகிறார்கள். அந்தக் கதையில் கடலுக்கு வேலையே இல்லை. அதே பிராணியை முதுமலைக் காட்டில் விட்டாலும் கதை அப்படியே ஓடும்.

கடல் இல்லாவிட்டால் நடக்கவே முடியாத பயம் ஒன்று வேண்டும். அது அங்கே இருக்கும் பௌதிகத்திலிருந்துதான் வரும்: அழுத்தம், இருட்டு, ஒலி போய்த் திரும்பும் நேரம், மேலே ஏறி வர ஆகும் மணிக்கணக்கு. இவற்றைச் சரியாக எழுதினாலே பாதி திகில் வந்துவிடும். கீழே ஒரே ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டு படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறேன். கதை உங்களுக்குப் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை.

படி 1: ஆழத்தை எண்ணில் முடிவு செய்யுங்கள்

"ஆழ்கடலில்" என்று எழுதினால் போதாது. எத்தனை மீட்டர்? இதைத் தீர்மானிக்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. வாகனம், வெளிச்சம், சாவு எல்லாமே இந்த எண்ணைப் பொறுத்துத்தான் மாறும்.

முதலில் நம் வாசலில் நடக்கும் ஒரு தவறு. ராமேஸ்வரத்துக்கு வடக்கே, பாக் நீரிணைப் பக்கம் "அடியே காணாத ஆழம்" என்று எழுதுகிறார்கள். அங்கே பல இடங்களில் ஆழம் பத்து மீட்டரைச் சுற்றித்தான். அதை ஒரு மீனவர் படித்தால் சிரிப்பார். நிஜமான ஆழம் வேண்டுமென்றால் வங்கக் கடலின் நடுவுக்குப் போங்கள். அதன் சராசரியே சுமார் 2,600 மீட்டர்.

சூரிய ஒளி நன்றாகக் கிடைப்பது 200 மீட்டர் வரை. அங்கிருந்து 1,000 மீட்டர் வரை நீல மங்கல். அதற்குக் கீழே பகல் என்ற ஒன்றே கிடையாது. பயம் எந்த வகை என்பதைப் பொறுத்து அடுக்கைத் தேர்ந்தெடுக்கலாம். மங்கலான நிழலுருவம் வேண்டுமா, 600 மீட்டர். மனிதன் வாகனத்துக்கு வெளியே, நீருக்குள், உடம்போடு இருக்க வேண்டுமா, 300 மீட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணற்று டைவர்கள். யாரும் வந்து காப்பாற்ற முடியாத தொலைவு வேண்டுமா, 5,000.

நம் கதைக்கு 5,140 மீட்டர். இடம், மத்திய இந்தியப் பெருங்கடல் படுகை. சும்மா தேர்ந்தெடுத்த இடமல்ல. அங்கே 75,000 சதுர கிலோமீட்டரில் உலோக முடிச்சுகளை, அதாவது கடலடியில் கிடக்கும் உலோகக் கட்டிகளை, ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் 2002இல் ஒப்பந்தம் போடப்பட்டது. சென்னை தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000, மூன்று பேரை 6,000 மீட்டர் வரை இறக்குவதற்கான வாகனம். அதாவது அந்த அடியாழத்தில் தமிழ் பேசும் மூன்று பேர் உட்கார்ந்திருப்பது இனி கற்பனைக்கு அப்பாற்பட்ட விஷயம் இல்லை. ஆனாலும் கதையில் வாகனத்துக்கு வேறு பெயர் வையுங்கள். நான் "நீலன்" என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 2: வாகனத்தின் உள்ளே இருக்கும் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். இரண்டு வேறு உலகங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதல் உலகம், நீர்மூழ்கிக் கோளம். டைட்டானியம் பந்துக்குள் மூன்று பேர். மத்ஸ்யாவின் கோளத்துக்கு உள்விட்டம் 2.1 மீட்டர்தான். வெளியே எத்தனை நூறு மடங்கு அழுத்தம் இருந்தாலும் உள்ளே நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் அதே காற்றழுத்தம். எனவே இவர்களுக்கு மூக்கில் ரத்தம் வராது, காது வெடிக்காது, அவசரமாக மேலே வந்தாலும் மூட்டுகளில் குமிழி கட்டாது.

இரண்டாவது உலகம், சாச்சுரேஷன் டைவிங். இவர்கள் கப்பலில் இருக்கும் ஒரு இரும்பு அறைக்குள் வாரக்கணக்கில், வேலை செய்யும் ஆழத்தின் அழுத்தத்திலேயே வாழ்கிறார்கள். ஹீலியம் கலந்த காற்று, அதனால் குரல் கார்ட்டூன் வாத்து மாதிரி கீச்சிடும். 300 மீட்டர் அழுத்தத்திலிருந்து சாதாரணக் காற்றுக்கு வர பத்து நாளுக்கு மேல் ஆகும். யோசித்துப் பாருங்கள்: ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சமையல்காரர் டீ ஆற்றுவது தெரிகிறது, ஆனால் நீங்கள் அவரிடமிருந்து பத்து நாள் தொலைவில் இருக்கிறீர்கள். கதவு திறந்தால் சாவு. 1983 நவம்பர் 5 அன்று வடகடலில் பைஃபோர்ட் டால்ஃபின் எண்ணெய்த் துரப்பண மேடையில் ஒன்பது மடங்கு அழுத்தம் நொடியில் ஒன்றாக இறங்கியது. ஐந்து பேர் இறந்தார்கள். கீச்சுக்குரலில் ஒருவன் உயிருக்குக் கெஞ்சுவதை யாராவது தமிழில் உருப்படியாக எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன். கேட்பவருக்குச் சிரிப்பு வரும், சிரிக்கவும் முடியாது.

நம் கதை கோளத்தில். அங்கே உடைதலைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 5,140 மீட்டரில் ஐந்நூறு மடங்குக்கு மேல். கட்டைவிரல் நகம் அகல இடத்தின் மேல் அரை டன்னுக்கும் அதிகமான எடை. கோளம் நொறுங்கினால் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது, உள்ளே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே சுவரில் ஓட்டை விழுந்து, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஏறும் காட்சியை மறந்துவிடுங்கள். நொறுங்குவது திகிலும் இல்லை, வெறும் முற்றுப்புள்ளி. அதற்கு முன்னால் வரும் மணிநேரங்கள்தான் உங்கள் களம்.

அந்த மணிநேரங்களில் உள்ளே என்ன இருக்கிறது? மேலே இருக்கும்போது வெயிலில் கோளம் காய்ந்து, மூவரும் வியர்வையில் நனைந்திருப்பார்கள். ஒரு மணி நேரம் இறங்கியதும் வெளியே இரண்டு டிகிரிக் குளிர் உலோகத்தின் வழியே உள்ளே வரும். ஸ்வெட்டர் போடுவார்கள். மூச்சின் ஈரம் சுவரில் படிந்து சொட்டத் தொடங்கும். கழுத்தில் ஒரு சொட்டு விழும்போது, அது மூச்சின் ஈரம்தானா, கடலா என்று ஒவ்வொரு முறையும் ஒரு கணம் சந்தேகம் வரும். நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், உப்பு இருக்கிறதா என்று. இந்த ஒரு சைகையை உங்கள் பாத்திரம் மூன்று முறை செய்யட்டும். மூன்றாவது முறை என்ன ருசி என்று எழுதாதீர்கள்.

கரியமில வாயுவை உறிஞ்சும் மருந்துப் பெட்டி ஒன்று ஓயாமல் விசிறியோடு ஓடிக்கொண்டிருக்கும். அது மக்கர் செய்தால் முதலில் தலைவலி, பிறகு மூச்சிரைப்பு, பிறகு காரணமே இல்லாத பீதி, குழப்பம். கதைசொல்லி பார்த்தது நிஜமா, கெட்ட காற்றா? இந்தக் கேள்வியை நீங்கள் கஷ்டப்பட்டு உருவாக்க வேண்டியதில்லை, வாகனமே தருகிறது.

படி 3: திரும்பும் நேரத்தைக் கதையின் முதுகெலும்பாக்குங்கள்

நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் வேகத்தில் ஏறினால் 5,140 மீட்டருக்கு மூன்று மணி நேரம் கிட்ட ஆகும். பேய் வீட்டில் கதவைத் திறந்து ஓடலாம். இங்கே "மேலே போயிடலாம்" என்று முடிவெடுத்த பிறகும் மூன்று மணி நேரம் அதே பந்துக்குள், அதே இரண்டு பேரோடு, முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆகவே முக்கியமான பயம் அடியில் நடந்து முடிந்து, ஏறும்போது தொடர வேண்டும். பெரும்பாலான கதைகள் ஏறுவதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நான் பாதிக் கதையையே ஏற்றத்துக்கு ஒதுக்குவேன். எடைக் கட்டிகளை உதிர்த்தாயிற்று, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, ஆழமானியில் எண் குறைவதை மட்டும் பார்க்கலாம். அந்த எண் குறையாமல் நிற்கும் ஒரு நிமிடம் போதும்.

மத்ஸ்யா மாதிரி வாகனங்களில் வழக்கமான வேலைக்கு 12 மணி நேரம், ஆபத்துக் காலத்துக்கு 96 மணி நேரம் தாங்கும் ஏற்பாடு உண்டு. நாலு நாள். அந்த ஆழத்துக்கு இறங்கக்கூடிய வாகனங்கள் உலகத்திலேயே சொற்பம். நாலு நாளில் வேறொரு நாட்டுக் கப்பல் அங்கே வந்து சேருமா? எழுத்தாளருக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்காது.

படி 4: ஒரே ஒரு பொய்

பௌதிகம் எல்லாம் உண்மை. அதன் நடுவே நடக்க முடியாத விஷயம் ஒன்றே ஒன்று. இரண்டாவதைச் சேர்த்தால் வாசகர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார். விசித்திரங்கள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம், ஆனால் எல்லாம் அந்த ஒரு பொய்யிலிருந்தே கிளைக்க வேண்டும்.

நம் கதையின் பொய்: இந்த மூன்று பேரும் இதே இடத்துக்கு ஏற்கெனவே வந்திருக்கிறார்கள். திரும்பிப் போகவில்லை.

இதைக் கதையில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. தடயங்களாக வர வேண்டும். நிஜக் கடலடியில் தேடினால் மூன்று தடயங்கள் தயாராகவே இருக்கின்றன.

ஒன்று, தடம். கடலடி மண் லேசில் ஆறாது. பெரு நாட்டுக்கு அப்பால் பசிபிக்கில் 1989இல் சோதனைக்காக உழுத கோடுகளை 2015இல் போய்ப் பார்த்தபோது அப்படியே கிடந்தன. எனவே மனிதன் முதல் முறையாக இறங்கும் சமவெளியில், நீலனின் சறுக்குக் கால்கள் அகலத்துக்கே இரண்டு பள்ளங்கள், அவற்றின் மேல் மெல்லிய வண்டல் படிந்து.

இரண்டு, முடிச்சு. இந்த உலோக முடிச்சுகள் உருளைக்கிழங்கு அளவில் கடலடியில் பரவிக் கிடக்கும் கருப்புக் கட்டிகள். மாங்கனீசும் இரும்பும் ஏதாவது ஒரு சின்னப் பொருளைச் சுற்றிப் படிந்து படிந்து உருவாகின்றன. வேகம், பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் பொருள் பல நேரங்களில் சுறாப் பல். எலும்பு அந்த ஆழத்தில் தங்காது, தின்றும் கரைந்தும் போகும், பல்லின் எனாமல் நிற்கும். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் ஆய்வுக் கப்பலே மாங்கனீசு பூசிய மெகலோடான் என்ற ராட்சசச் சுறாவின் பற்களை அள்ளிக்கொண்டு வந்தது.

இப்போது காட்சி. நீலனின் இயந்திரக் கை ஒரு முடிச்சைப் பிடிக்கிறது. பிடி கொஞ்சம் அதிகம், முடிச்சு விண்டுவிடுகிறது. கேமராவில் அதன் நடுவே வெள்ளையாக ஒரு பல். புவியியலாளர் மலர்விழி பெரிதாக்கிப் பார்க்கிறாள். சுறாப் பல் தட்டையாக, கூராக இருக்கும். இது கடைவாய்ப் பல். அதன் குழியில் சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒரு அடைப்பு. அவள் எதுவும் பேசவில்லை. வாய்க்குள் நாக்கு மட்டும் நகர்ந்து, கீழ் வலது ஓரத்தில், போன மாசம் அடைத்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறது.

இந்தக் காட்சி வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு தகவல்கள் முன்னாலேயே வாசகருக்குப் போயிருக்க வேண்டும். முடிச்சு வளரும் வேகத்தைக் கப்பலில் காலைச் சாப்பாட்டின்போது யாராவது கிண்டலாகச் சொல்லட்டும்: "நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரி, பத்து லட்சம் வருஷத்துக்கு மூணு மில்லிமீட்டர்." பல் அடைத்த விஷயம், குளிர்ந்த தண்ணீர் குடித்து அவள் முகம் சுளிப்பதோடு முடியட்டும். இரண்டையும் அடுத்தடுத்த பத்திகளில் வைக்காதீர்கள். கெட்டிக்கார வாசகர் மோப்பம் பிடித்துவிடுவார்.

மூன்றாவது தடயம் குரல். அதற்குத் தனிப் படியே வேண்டும்.

படி 5: ஒலியை வைத்து அடியுங்கள்

கடல்நீரின் வழியே ரேடியோ போகாது. கப்பலோடு பேச ஒலிவழித் தொலைபேசிதான். நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். 5,140 மீட்டர் மேலே போக மூன்றரை நொடி, திரும்பி வர மூன்றரை. கீழே இருப்பவர் ஒன்று கேட்டால் பதில் வருவதற்கு எப்படியும் ஏழு நொடி ஆகும். இந்த ஏழை வாசகர் மனதில் அடித்து இறக்க வேண்டும், விளக்கமாக இல்லாமல் பழக்கமாக.

"ஆழம் அஞ்சாயிரத்து நூத்தி நாப்பது. தரையத் தொட்டாச்சு. மூணு பேரும் நல்லா இருக்கோம். ஓவர்."

மலர்விழி மனசுக்குள் எண்ணினாள். ஆறு. ஏழு.

"கேக்குது நீலன். வாழ்த்துகள். ஓவர்."

இப்படி இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியில் சின்னதாக ஏதாவது நடக்கட்டும்: ஒருவர் மூக்கைச் சிந்துகிறார், ஒருவர் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரிக்கிறார். பிறகு, பல்லைப் பார்த்து கொஞ்ச நேரம் கழித்து:

"வலது பக்கக் கேமரா போயிருச்சு. ஓவர்."

ஒண்ணு.

"தெரியும்," என்றது ஸ்பீக்கர்.

இதற்கு மேல் ஒரு சொல் எழுதாதீர்கள். "அப்படியென்றால் பேசியது கப்பல் இல்லை, பக்கத்தில் இருக்கும் யாரோ" என்று எழுதினீர்களோ, இதுவரை கட்டியது அத்தனையும் வீண். அடுத்த வரியில், கோளத்தில் உடன் இருக்கும் பாஸ்கர் பிஸ்கெட் மெல்லுவதை நிறுத்தட்டும், அவ்வளவுதான். சரியாக ஏழாவது நொடியில் கப்பலிலிருந்து நிஜமான பதிலும் வரட்டும்: "எந்தக் கேமரா? திரும்பச் சொல்லுங்க. ஓவர்."

இணையத்தில் அடிபடும் 'ப்ளூப்' ஒலியைத் தயவுசெய்து கொண்டு வராதீர்கள். 1997இல் பசிபிக்கில் பதிவான அந்த உறுமல், அண்டார்க்டிக் பனி உடையும் சத்தம் என்று விளக்கமும் வந்தாயிற்று. அதை வைத்து எழுதியவர்கள் போதும்.

படி 6: வெளிச்சம்

விளக்குகள் எட்டுவது பத்துப் பதினைந்து மீட்டர். அதற்கு அப்பால் கருப்புச் சுவர். வெளிச்சத்தில் வெள்ளைத் துணுக்குகள் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும். மேல் அடுக்குகளில் செத்தவற்றின் மிச்சமும் கழிவும் தூளாகி இறங்குவது அது. பார்க்க அழகாக இருக்கும், என்னவென்று தெரிந்த பிறகும் அழகாகவே இருக்கும். பாத்திரங்கள் அதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் இல்லை.

சிவப்பு நிறம்தான் நீரில் முதலில் மறைவது. அதனால் ஆழத்தில் பல பிராணிகள் சிவப்பாக இருக்கின்றன, அங்கே அது கருப்புக்குச் சமம். உயிர்கள் விடும் ஒளி பெரும்பாலும் நீலம், அவற்றின் கண்களும் நீலத்துக்கே பழகியவை. ஆனால் மாலகோஸ்டியஸ் என்ற மீன் கண்ணுக்குக் கீழே சிவப்பு விளக்கு வைத்திருக்கிறது. அதன் இரைக்கு அந்த ஒளி தெரியாது. தன்மேல் டார்ச் அடிக்கப்படுவதே தெரியாமல் அது நீந்திக்கொண்டிருக்கும். உங்கள் ஆட்கள் விளக்கை அணைத்துவிட்டு நீலப் பொட்டுகளை ரசித்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தால், அதற்கு இந்தப் பின்னணி உண்டு. (நம் கதையில் இதைச் சேர்க்க மாட்டேன். பொய் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று நானே சொல்லியிருக்கிறேனே.)

பார்த்தவரின் சாட்சியமும் ஒரு கருவி. வில்லியம் பீபியும் ஓடிஸ் பார்ட்டனும் 1934 ஆகஸ்ட் 15 அன்று பெர்முடா அருகே இரும்புக் கோளத்தில் 923 மீட்டர் இறங்கினார்கள். ஜன்னலில் கண்டதை பீபி தொலைபேசியில் சொல்லச் சொல்ல மேலே எழுதிக்கொண்டார்கள். அந்த இறக்கங்களில் அவர் பார்த்து, பெயரும் வைத்த சில மீன்களை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவே இல்லை. ஒரு குரல், ஒரு நோட்டுப் புத்தகம், வேறு ஆதாரம் கிடையாது. முழுக் கதையையும் மேலே எழுதிக்கொண்டிருந்தவரின் நோட்டாகவே எழுதலாம்.

படி 7: பிராணிகள் வேண்டுமென்றால்

சின்னதாக எடுங்கள். ராட்சசக் கணவாய் பாவம், எத்தனை கதைதான் தாங்கும். அது உயிரோடு, அதன் இடத்திலேயே 2004இல்தான் முதல் முறையாகப் படம் பிடிக்கப்பட்டது. அந்த மர்மம் அப்போதே முடிந்துவிட்டது.

செத்த திமிங்கிலம் அடியில் கிடக்கும்போது அதன் எலும்பைத் துளைத்து வேர் விட்டு வாழும் ஓசிடாக்ஸ் புழு இருக்கிறது. அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. தூண்டில் மீன்களில் சில இனங்களில் ஆண் பெண்ணைக் கடித்துப் பிடித்து, தோலோடு தோலாக ஒட்டி, ரத்தக் குழாய்கூட ஒன்றாகி, கடைசியில் வெறும் விந்துப் பையாகத் தொங்கும். இதைப் பிராணியாகக் காட்டாமல் ஒரு கல்யாணக் கதையின் அடியில் ஓடவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

படி 8: ஆட்களும் பேச்சும்

மூன்று பேர் போதும். பைலட் சேவியர், தூத்துக்குடிக்காரர், ஐம்பதை நெருங்குகிறார். மின்சாரப் பிரிவு பாஸ்கர், சென்னை. மலர்விழி, முப்பது வயது, முதல் இறக்கம். சேவியர் அவளை "மேடம்" என்றுதான் கூப்பிடுவார், அவள் "சேவியர் அண்ணே" என்பாள். எல்லாம் சரியாக இருக்கும்வரை சேவியரின் பேச்சு ஆபீஸ் தமிழ்: "தரஸ்டர் செக் பண்ணியாச்சு மேடம்." அந்த ஒரு நொடிப் பதிலுக்குப் பிறகு ஊர்த்தமிழ் எட்டிப் பார்க்கும். "ஜன்னல்ல பாக்காத பிள்ள." மேடம் பிள்ளையானதே போதும், அவர் பயந்துவிட்டார் என்று தனியாக எழுத வேண்டாம்.

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தும் வழக்கம் இருந்தது. மார்கோ போலோவே அதை எழுதி வைத்திருக்கிறார். சேவியர் வீட்டில் அப்படி ஒரு கதை வழங்கலாம், அவர் அதைச் சொல்லிச் சிரிக்கலாம். மந்திரம் பலிக்க மட்டும் கூடாது.

நம் பேய்க்கதை மரபில் பேய்க்கு ஒரு நியாயம் இருக்கும்: கொன்றவனைத் தேடி வரும், பழி தீர்த்தால் அடங்கும். அந்தப் பழக்கத்தில், கடலடியில் இருப்பதற்கும் ஒரு முன்கதை எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். குமரிக்கண்டமும் வேண்டாம். ஐயாயிரம் மீட்டரில் இருப்பது கடலடிப் பாறை, மூழ்கிய கண்டம் இல்லை. பாத்திரம் யாராவது அதை நம்பினால் நம்பட்டும், கதை நம்பக் கூடாது.

நிஜச் சாவுகளைத் தொடும்போது நிதானம் வேண்டும். 2000 ஆகஸ்டில் குர்ஸ்க் நீர்மூழ்கியில் 118 பேர், 2023 ஜூனில் டைட்டன் நீர்மூழ்கியில் ஐந்து பேர். குடும்பங்கள் இருக்கின்றன. நடந்த விதத்திலிருந்து கற்றுக்கொள்ளலாம், அந்த ஆட்களின் கடைசி நிமிடங்களைக் கற்பனை செய்து ஊறுகாய் போட வேண்டியதில்லை.

படி 9: முடிவும் திருத்தமும்

நீலன் மேலே வருகிறது. கப்பலின் கிரேன் தூக்குகிறது, மூடி திறக்கிறது, வெயில். இங்கே மூன்று வழிகள். மேலே இருப்பவர்கள் "ஏன் இவ்வளவு சீக்கிரம்? இப்பதானே இறங்குனீங்க" என்று கேட்பது ஒன்று. மேலே கப்பலே இல்லாமல் இருப்பது இன்னொன்று, இது பலரும் மிதித்த பாதை. மூன்றாவது எனக்குப் பிடித்தது: எல்லாம் சரியாகவே முடிகிறது. மலர்விழி ஒலிப்பதிவைக் கேட்கிறாள். "தெரியும்" என்ற குரல் பதிவில் இருக்கிறது. யாருடைய குரல் என்று பாஸ்கருக்கும் தெரிகிறது, அவன் சொல்ல மாட்டேன் என்கிறான். அடுத்த இறக்கத்துக்கான பட்டியலில் அதே மூன்று பெயர்கள்.

முதல் பிரதி முடிந்ததும் ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு பேனாவோடு உட்காருங்கள். "பயங்கரமான", "அமானுஷ்யமான", "உறைய வைக்கும்", "இனம்புரியாத" ஆகியவற்றை அடித்துவிடுங்கள். ஆச்சரியக்குறிகளையும். பிறகு கதையில் வரும் ஒவ்வொரு எண்ணையும் தனித் தாளில் எழுதுங்கள்: ஆழம், நேரம், வெப்பநிலை, பதில் வர எடுத்த நொடிகள். கூட்டிக் கழித்துப் பாருங்கள். 5,140 மீட்டரில் தொடங்கி நாற்பது நிமிடத்தில் மேலே வந்துவிட்டார்கள் என்றால், நீங்கள் எழுதாத இரண்டு மணி நேரம் இன்னும் பாக்கி இருக்கிறது. அதைப் போய் எழுதிவிட்டு வாருங்கள்.